எழுத்துருவும் திருமறையும்: இந்தியக் கிறித்தவரின் இணைய வரலாற்றிலிருந்து ஒரு பகுதி

1554ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் லிஸ்பன் நகரில் அச்சான ‘கார்த்தில்யா’ என்னும் மறைக்கல்விச் சிறுநூல், தமிழில் அச்சேறிய முதல் நூல் என்று போற்றப்படுவது. ஆனால் அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. தமிழ்ச் சொற்கள் அனைத்தும் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டு, அவற்றோடு போர்த்துகீசியப் பொருளும் வரியிடையே தரப்பட்டது. எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிந்த ஐரோப்பியக் குருவுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த பரவர்களுக்கு அந்த எழுத்து தெரியாது. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டு மனனம் செய்தால் போதும் என்ற நிலையில் பிறந்த நூல் அது. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1578இல், என்றிக்கே என்றீக்கசு அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட பதினாறு பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாடு 1714, 1715 ஆண்டுகளில் நிறைவுற்றபின், தமிழ்க் கிறித்தவரின் மறைநூல் தமிழ் எழுத்தில்தான் இருக்கும் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றது.

ஐயம் மீண்டும் எழுந்தது இணையம் வந்தபின்னரே. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை வழங்கத் தொடங்கியபோது, கணினித் திரையில் தமிழைக் காட்டுவதற்கு அனைவரும் ஏற்றுக்கொண்ட வழி எதுவும் புழக்கத்தில் இல்லை. கீர்த்தனை வரிகளை நண்பருக்கு மின்னஞ்சலில் அனுப்ப விரும்பிய தமிழ்க் கிறித்தவருக்குக் கைவந்த முதல் வழி, 1554இல் லிஸ்பன் அச்சகம் கையாண்ட அதே வழிதான்.

இந்தியக் கிறித்தவரின் இணையப் பயன்பாடு பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நேரலை ஆராதனை, ஊடகப் போதகர்கள், காணிக்கை திரட்டும் முறைகள் ஆகியவற்றிலேயே நின்றுவிடுகின்றனர். அவை கண்ணுக்குத் தெரிபவை. ஆனால் எந்த மொழியினரின் சபை எவ்வளவு இயல்பாக இணையத்துக்குள் நுழைந்தது என்பதைத் தீர்மானித்ததில் பக்தியைக் காட்டிலும், பல நேரங்களில் பணத்தைக் காட்டிலும், பெரும்பங்கு வகித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலான மறைப்பணியாளர்கள் ஒவ்வொரு மொழிக்கும் செய்த எழுத்துத் தேர்வு.

மேகாலயத்தின் காசி மொழி இதற்குத் தெளிவான சான்று. செராம்பூர் பாப்திஸ்து மிஷனரிகள் காசி மொழிக்கு முதலில் வங்க எழுத்தையே தேர்ந்தனர். அவர்கள் அச்சிட்ட காசிப் புதிய ஏற்பாடும் வங்க எழுத்தில் அமைந்ததே. 1841இல் சிரபுஞ்சிக்கு வந்த வேல்ஸ் நாட்டுப் பணியாளர் தாமஸ் ஜோன்ஸ் அதைக் கைவிட்டு உரோமன் எழுத்தை எடுத்துக்கொண்டார். அவர் தாய்மொழியான வேல்சின் எழுத்து மரபு காசி நெடுங்கணக்கில் இன்றும் தெரிகிறது: ஆங்கிலத்தில் ‘சி’ நிற்கும் மூன்றாம் இடத்தில் அங்கே ‘கே’ நிற்கிறது. மிசோ மொழிக்கு 1894இல் ஐஸ்வால் வந்த லொரெய்ன், சாவிட்ஜ் இருவரும் உரோமன் எழுத்தையே வகுத்தளித்தனர். நாகாலாந்தின் மொழிகளிலும் இதுவே நடந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாகாலாந்து, மிசோரம் ஆகிய இரு மாநிலங்களிலும் மக்களில் 87 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கிறித்தவர். மேகாலயத்தில் ஏறத்தாழ 75 விழுக்காடு. இவர்களுக்குக் கணினி வந்த நாளில் எழுத்துருச் சிக்கல் என்று ஒன்று ஏறத்தாழ இல்லவே இல்லை. ஆங்கில விசைப்பலகை எங்கு இருந்ததோ அங்கெல்லாம் ஜெப விண்ணப்பம், இரங்கற் செய்தி, திருமண அழைப்பு, பாடகர் குழுவின் ஒத்திகை அறிவிப்பு ஆகிய அனைத்தும் தாய்மொழியிலேயே எழுதப்பட்டன.

‘ஏறத்தாழ’ என்னும் சொல்லை வேண்டுமென்றேதான் இங்கு இட வேண்டியிருக்கிறது. காசி நெடுங்கணக்கில் இரட்டைப் புள்ளி இட்ட ‘ஐ’ ஓர் எழுத்து. செயப்படுபொருளைச் சுட்டும் மிகப் பொதுவான இடைச்சொல் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே மறைநூலின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது கண்ணில் படும். மிசோவில் கீழ்ப்புள்ளி இட்ட ‘டி’ தனியொலி. ‘ஜெபம்’ என்பதற்கான மிசோச் சொல்லில் அது இரண்டு முறை வருகிறது. கைப்பேசியின் ஆங்கில விசைப்பலகையில் இப்புள்ளிகளைத் தேடிப் பிடிக்கப் பொறுமையற்றவர்கள் அவற்றை விட்டுவிட்டு எழுதுகின்றனர். அச்சிட்ட திருமறையில் ஓர் எழுத்துக்கூட்டும் அன்றாடச் செய்தியில் மற்றொன்றும் வழங்கும் இந்த இருநிலை, ஒலிவடிவத்தையே காலப்போக்கில் பாதிக்குமா என்பது மொழியியல் மாணவர் எவரேனும் எடுத்துக்கொள்ளத் தக்க ஆய்வுப் பொருள்.

தமிழின் கதை நீண்டது, துன்பம் மிக்கது. உரோமன் எழுத்தில் தமிழை எழுதியவர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனி முறை வைத்திருந்தனர். ழகரத்தை ஒருவர் ‘இசட்-எச்’ என்று எழுதினால் மற்றொருவர் வெறும் ‘எல்’ என்று எழுதினார். குறில் நெடில் வேறுபாடு மறைந்தது. ‘வழி’யும் ‘வலி’யும் ஒரே வடிவம் பெற்றன, யோவான் சுவிசேஷத்தை அறிந்தவர்களுக்கு இது சிறு குழப்பம் அன்று. ‘பலி’க்கும் ‘பழி’க்கும் இதே கதி நேர்ந்தது; கல்வாரியைப் பற்றிய பாடல்களில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வரக்கூடியவை.

இதற்கு மாற்றாக வந்தவை எழுத்துருக் குறியேற்றங்கள். ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்த பாமினி போன்ற எழுத்துருக்களால், அந்த எழுத்துருவைத் தம் கணினியில் நிறுவியவர் திரையில் தமிழைக் கண்டார். நிறுவாதவர் பொருளற்ற ஆங்கிலக் குறிகளின் குவியலைக் கண்டார். எழுத்துருக்கள் பல, அவற்றுள் ஒன்றின் குறியேற்றம் மற்றொன்றுக்கு ஒவ்வாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழிணையம் 99’ மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு ‘தாம்’, ‘தாப்’ என்ற இரு தரங்களை அறிவித்தது. இணையத் தமிழர்கள் தமக்குள் உருவாக்கிய ‘திஸ்கி’ அவற்றுக்கு வெளியே நின்றது. இக்காலத்தில் சபைகளும் தனியாரும் பெரும் உழைப்பில் தட்டச்சு செய்த வேதபாடங்கள், பாமாலைகள், கீர்த்தனைகள் எல்லாம் ஏதேனும் ஒரு குறியேற்றத்துக்குள் அடைபட்டன. அவற்றில் ‘கிருபை’ என்ற சொல் ஆயிரம் முறை இருந்தாலும் தேடுபொறிக்கு அது ஒருமுறைகூட இல்லை. இணையத்தில் இருந்தும் இல்லாததாயிற்று ஒரு தலைமுறையின் உழைப்பு.

ஒருங்குறியின் 1991ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது என்பதை நினைக்கும்போது இந்த இழப்பு மேலும் உறுத்துகிறது. விண்டோஸ் 2000 வெளிவந்தபின்தான் சாதாரணக் கணினிகளில் அது வேலை செய்யத் தொடங்கியது; தமிழக அரசு அதை ஏற்க 2010 ஆயிற்று. அதற்குள் கைப்பேசி வந்துவிட்டது. தொடக்ககால ஆண்ட்ராய்டு கருவிகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலுள்ள ஒரு சபை 2008 ஜூலையில் வெளியிட்ட ‘யூவெர்ஷன்’ திருமறைச் செயலி ஆங்கில வாசகரின் கைக்குள் எளிதாகச் சென்றது. தமிழ் வாசகர் தம் கருவி தமிழை ஒழுங்காகக் காட்டும் நாளுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

காத்திருக்க மனமில்லாதவர்கள் கண்ட வழி படம். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது தமிழ்ப் புராட்டஸ்டண்டுச் சபைகளில் வேரூன்றிய வழக்கம். அந்த அட்டையே சூரியோதயப் பின்னணியில் பூக்களோடு படமாகி, வாட்ஸ்அப்பில் நாள்தோறும் வரலாயிற்று. எந்தக் கைப்பேசியிலும் திறக்கும், எழுத்துரு வேண்டாம், பாட்டியும் பேரனுக்கு அனுப்பலாம். இணையத் தமிழ்க் கிறித்தவத்தின் மிகப் பரவலான எழுத்து வகைமை இதுவே என்றால் மிகையாகாது. ஆனால் படத்திலுள்ள எழுத்து எழுத்தன்று. தேடக் கிடைக்காது, படியெடுத்து ஒட்ட முடியாது. பார்வையற்றவரின் கைப்பேசியிலுள்ள திரைவாசிப்பான் அதைக் கண்டு ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடும். உருப்பெருக்கி வைத்துத் திருமறை வாசித்த முதியவர்களுக்குப் பேருதவியாக வந்த ஒரு கருவி, கண்ணே தெரியாதவருக்கு மௌனமாக நிற்கிறது. ஒருங்குறி கைக்கு எட்டியபின்னும் இப்பழக்கம் மாறவில்லை. எழுத்து இல்லாத காலத்தில் தேவையினால் பிறந்தது, எழுத்து வந்தபின் அழகுணர்ச்சியாக நிலைத்துவிட்டது.

கோவாவிலும் சந்தால் பர்கனாவிலும் எழுத்துத் தேர்வு வேறு வகையில் வெட்டியது. கோவாக் கத்தோலிக்கர் கொங்கணியை நெடுங்காலமாக உரோமன் எழுத்தில் எழுதி வருபவர். வழிபாடு, தியாத்ர் நாடகம், பாடல் எல்லாம் அதில்தான். 1987இன் ஆட்சிமொழிச் சட்டமோ கொங்கணி என்றால் தேவநாகரியில் எழுதப்படுவது என்று வரையறுத்தது. உரோமன் கொங்கணியை எவரும் தடையின்றித் தட்டச்சு செய்யலாம். ஆனால் கூகுள் மொழிபெயர்ப்பில் 2022இல் கொங்கணி சேர்க்கப்பட்டபோது அது தேவநாகரியில் வந்தது. முன்பு எளிதாக இருந்த எழுத்து இப்போது இயந்திரத்துக்குப் புலப்படாததாயிற்று.

சந்தாலி மொழிக்கு ஸ்க்ரெஃப்ஸ்ருட், போடிங் முதலிய ஸ்காண்டிநேவிய லூத்தரன் பணியாளர்கள் புள்ளிகளும் மேற்குறிகளும் செறிந்த உரோமன் எழுத்தை நுட்பமாக வகுத்தனர். போடிங்கின் ஐந்து தொகுதி அகராதி 1932 முதல் 1936 வரை வெளிவந்தது. ரகுநாத் முர்மு 1925இல் படைத்த ஓல் சிக்கி எழுத்து, சந்தால் மக்களின் தன்னடையாளமாகத் திரண்டு எழுந்தது. 2008 ஏப்ரலில் ஒருங்குறியின் 5.1 பதிப்பு ஓல் சிக்கிக்கு இடமளிக்கும்வரை இணையத்தில் வசதி உரோமன் எழுத்தினர் பக்கம் இருந்தது. இன்று கிறித்தவச் சந்தால் ஒருவர் உரோமன் எழுத்தில் இடும் மறைமொழியை, ஓல் சிக்கியில் மட்டும் தேடும் உடன்பிறப்புக் காண்பதில்லை. அவர் இடும் பழமொழியை இவரும் காண்பதில்லை. பேசினால் புரியும் இருவர் எழுதினால் அந்நியர். இதற்கு மிஷனரிகளை மட்டும் குறைசொல்வது எளிது, ஆனால் நேர்மையன்று: அவர்கள் அந்த உரோமன் எழுத்தை வகுத்த காலத்தில் ஓல் சிக்கி பிறக்கவே இல்லை.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறும் ஏப்ரல் 12 உயிர்த்தெழுதல் திருநாளும் திரைக்குள் வந்தன. அருட்சாதனங்கள் இணையத்தில் இல்லை என்று வத்திக்கான் 2002இலேயே தெளிவுபடுத்தியிருந்தது. அந்த இறையியல் விவாதம் தனியே பேச வேண்டியது. எழுத்து வரலாற்றுக்கு முக்கியமானது, நேரலைப் பாடல்களின் கீழே ஓடிய வரிகள். டெல்லி, மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுவர். எழுத்துக்கூட்டி வாசிக்க அறியார். அவர்களுக்காகக் கீர்த்தனை வரிகள் உரோமன் எழுத்திலும் ஓடின. 1554இல் உரோமன் எழுத்துத் தேவைப்பட்டது தமிழ் அறியாத குருவுக்கு. இப்போது தேவைப்படுவது தமிழ் அறிந்த குழந்தைக்கு. முந்தையது மொழிக்குள் நுழையும் வாசல். பிந்தையது எந்தத் திசையில் திறக்கும் வாசல் என்பதில் சபைப் பெரியோர்களிடையே கவலை உண்டு. அந்தக் கவலை நியாயமானதே. எனினும் உரோமன் வரி இல்லையென்றால் அக்குழந்தை தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டுவிடும் என்று எவரும் உறுதி கூற இயலாது. வாய் மூடி நிற்கவே வாய்ப்பு மிகுதி.

எழுத்துச் சண்டை எதிலும் சிக்காமல் ஒலியை மட்டும் நம்பியவர்களும் உண்டு. ‘ஃபெய்த் கம்ஸ் பை ஹியரிங்’ என்னும் அமெரிக்க அமைப்பு, எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்கும்பொருட்டுப் புதிய ஏற்பாட்டைப் பல நூறு மொழிகளில் வாசித்துப் பதிவுசெய்து இணையத்தில் இலவசமாக வைத்தது. இந்தப் பணிக்கு எதிர்பாராத ஒரு பின்விளைவு நேர்ந்தது. 2023 மே மாதத்தில் மெட்டா நிறுவனம் வெளியிட்ட பன்மொழிப் பேச்சு மாதிரிகள், 1,100க்கும் மேற்பட்ட மொழிகளில் இணையத்தில் கிடைத்த புதிய ஏற்பாட்டு வாசிப்புகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை. மொழி ஒன்றுக்குச் சராசரியாக 32 மணிநேரம். வேறெந்த நூலும் இத்தனை மொழிகளில், இவ்வளவு சீராக, எழுத்தும் ஒலியும் சேர்ந்து கிடைக்கவில்லை என்பதே காரணம். வாசிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள், பொருள் முற்றிலும் சமயம் சார்ந்தது. இருப்பினும் மாதிரிகள் அப்பக்கம் பெரிதும் சாயவில்லை என்று அந்த ஆய்வாளர்கள் அறிவித்தனர். சாய்வு உச்சரிப்பில் இல்லாதிருக்கலாம். சந்தைப் பேச்சும் மருத்துவமனைப் பேச்சும் அந்த 32 மணிநேரத்தில் இல்லை என்பது மட்டும் உறுதி.

அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. மணிக்கணக்கில் நீளும் பதிவை வசனம் வசனமாக வெட்டி எழுத்தோடு பொருத்துவதற்கு, எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒரே எழுத்து அந்த ஆய்வாளர்களுக்குத் தேவைப்பட்டது. ஆகவே தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுவதும் முதலில் ஒரு மென்பொருளால் உரோமன் எழுத்துக்கு மாற்றப்பட்டது. அதன்பின்னரே இயந்திரம் அதைக் கேட்கத் தொடங்கியது.