தகுதியும் சான்றும்: திருவண்ணாமலை வட்டாரத்தில் மருத்துவச் செலவு உதவியின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

நோயுற்றவர் செலவைப் பிறர் ஏற்பது தமிழகத்தில் புதிய வழக்கமன்று. ஆயின் அவ்வுதவி யாருக்கு உரியது, அவ்வுரிமை எதனால் மெய்ப்பிக்கப்படும் என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு காலமும் வேறு விடை தந்துள்ளது. சோழர்கால ஆதுலசாலை தொடங்கி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வரையிலான மாற்றத்தைத் திருவண்ணாமலை வட்டாரத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆதுலசாலை, அறக்கட்டளை, காப்பீடு, வருமானச் சான்று, குடும்ப அட்டை, திருவண்ணாமலை.

செய்யாறு சேருமிடம்

ஜவ்வாது மலையில் தோன்றித் திருவண்ணாமலை மாவட்டத்தின் ஊடே ஓடும் செய்யாறு, காஞ்சிபுரத்திற்கு அருகே திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, தமிழக மருத்துவ வரலாறு எழுதும் எவரும் தவறாது சுட்டும் ஆவணமாகும். கே.வி. சுப்பிரமணிய ஐயரால் எபிகிராபியா இண்டிகாவின் 21ஆம் தொகுதியில் பதிப்பிக்கப்பெற்ற இக்கல்வெட்டு, ‘வீரசோழன்’ என்னும் பெயருடைய ஆதுலசாலையில் 15 படுக்கைகள் இருந்தமையைக் கூறுகிறது. மருத்துவருக்கு ஆண்டிற்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவை செய்வாருக்கு 30 கலம் நெல்லும் வகுக்கப்பட்டன. மூலிகை கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர், நாவிதர், தண்ணீர் கொணர்வார் ஆகியோருக்கும் தனித்தனியே பங்கு உண்டு. படுத்திருக்கும் நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவில் எரியும் விளக்கின் எண்ணெய்ச் செலவும், ஓராண்டிற்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் விடுபடாமல் பொறிக்கப்பட்டுள்ளன. செலவுக் கணக்கு இத்துணை நுட்பமாக எழுதப்பட்ட மருத்துவமனை ஆவணங்கள் இடைக்கால இந்தியாவில் அரியன.

இக்கல்வெட்டைச் சான்றாகக் காட்டி, சோழர்காலத்தில் மக்கள் அனைவருக்கும் இலவச மருத்துவம் கிடைத்தது என எழுதும் வழக்கம் பாடநூல்களிலும் மேடைகளிலும் நிலைத்துவிட்டது. கல்வெட்டு அவ்வாறு கூறவில்லை. ஆதுலசாலை அக்கோயிலைச் சார்ந்த கல்லூரி மாணாக்கருக்கும் கோயிற் பணியாளருக்கும் உரியது. வறியவர் என்பதால் ஒருவர் அங்கே சேர்க்கப்படவில்லை; அந்நிறுவனத்தைச் சார்ந்தவர் என்பதாலேயே சேர்க்கப்பட்டார். இன்றைய சொல்லில் கூறுவதாயின், அது தொழிலாளர் அரசு ஈட்டுறுதி மருத்துவமனைக்கு நெருக்கமானது. அரசுப் பொது மருத்துவமனைக்கு அன்று. இவ்வேறுபாடு கல்வெட்டின் பெருமையைக் குறைப்பதில்லை. உதவிக்கு உரியவர் யார் என்பதைக் கொடையாளர் முதலிலேயே வரையறுத்தார் என்பதையே அது காட்டுகிறது.

கொடை நிதியின் இயல்பும் கருதத்தக்கது. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிற் கல்வெட்டுகளிலும் பிற சோழநாட்டுக் கல்வெட்டுகளிலும் விளக்கிற்கும் அமுதுபடிக்கும் நிலமோ கால்நடையோ முதலாக வைக்கப்பெறும். ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் தொடர், மந்தையில் ஆடு இறந்தாலும் தொகை குறையாது என்னும் ஒப்பந்தத்தைக் குறிப்பது. முதல் அழியாது, அதன் விளைவே செலவாகும். ஆதுலசாலையின் நெல்லும் காசும் இம்முறையிலேயே வந்தன. முதலின் விளைவு 15 படுக்கைக்குப் போதுமாயின் 15 படுக்கையே இருக்கும். பதினாறாவது நோயாளிக்கு அத்திட்டத்தில் இடமில்லை.

வரியும் நன்கொடையும்

கும்பினி ஆட்சிக்குப் பின் மருத்துவச் செலவு வரியின் பொறுப்பாயிற்று. சென்னை மாகாணத்தின் 1871ஆம் ஆண்டு உள்ளூர் நிதிச் சட்டமும், 1884ஆம் ஆண்டு நகராட்சி, உள்ளாட்சிக் கழகச் சட்டங்களும் சாலை, பள்ளி ஆகியவற்றோடு மருந்தகங்களையும் உள்ளூர் வரியின் செலவினங்களில் சேர்த்தன. திருவண்ணாமலை 1886இல் நகராட்சியாயிற்று. அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 1911இல் வடார்க்காட்டுடன் இணைந்தது. கார்த்திகைத் தீபத்திற்குக் கூடும் மக்கள் திரளும் வாந்திபேதி அச்சமும் இத்தகைய கோயில் நகரங்களில் பொதுச் சுகாதாரச் செலவைத் தவிர்க்கவியலாததாக்கின.

இதே காலத்தில் ஆற்காடு மிஷன் வேறொரு வழியைக் கண்டது. ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் பணி தொடங்கினார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரில் 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. சாலையோர மருந்தகங்களும் நடைபெற்றன. பின்னாளில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த இந்நிறுவனத்தில், செலுத்த இயன்றவரின் கட்டணமும் நன்கொடையும் சேர்ந்து இயலாதவரின் செலவைத் தாங்கும் முறை நிலைத்தது. திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூருக்குக் கடினமான நோய்களுக்காகச் செல்லும் பழக்கம் இன்றும் நீடிக்கிறது. சோழர்கால வரையறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. இங்கு உரிமை என ஒன்றில்லை. ஒருவரது இயலாமையை மருத்துவமனை ஊழியர் நேரில் கேட்டு அறிந்து, எவ்வளவு குறைக்கலாம் என முடிவு செய்கிறார். அம்முடிவில் பரிவும் உண்டு, அவருடைய விருப்புவெறுப்பும் உண்டு.

1949இல் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை ஒருசேர வைத்துக் காண்பது பயனுடையது. அவ்வாண்டு ரமண மகரிஷியின் இடக்கையில் தோன்றிய புற்றுக்கட்டிக்குச் சென்னை மருத்துவர்கள் திருவண்ணாமலை ஆசிரமத்திற்கே வந்து அறுவைச் சிகிச்சைகள் செய்தனர், 14.04.1950இல் அவர் மறைந்தார். தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்தவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டதும் அதே ஆண்டிலேயே. மகரிஷியை நாடி மருத்துவர் வந்தனர். அதே நோயுற்ற வட்டாரத்து உழவர், 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிலையம் திறக்கப்படும்வரை, செல்வதற்குத் தனி மருத்துவமனையே இன்றி இருந்தார்.

கொள்கையளவில் இவ்வேற்றுமை ஏற்கத்தக்கதன்று என்பதை 1946ஆம் ஆண்டின் போர் குழு அறிக்கை முன்னரே அறிவித்திருந்தது. பணம் செலுத்த இயலாமை காரணமாக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பது அதன் அடிப்படை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பெரும்பாலும் இதன்வழி நடந்தன. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வழங்கலைச் சீராக்கியது. ஆயினும் இதய அறுவை, சிறுநீரக மாற்று போன்றவற்றுக்குத் தனியார் மருத்துவமனையின் பட்டியலே கதியாயிற்று. நகையும் நிலமும் அடகுக்குச் சென்றன.

அட்டையின் காலம்

23.07.2009இல் தொடங்கப்பெற்ற உயிர்காக்கும் உயர்சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் இந்நிலைக்கு அரசு அளித்த விடை. 2007இல் ஆந்திரத்தில் தொடங்கிய ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ இதற்கு முன்னோடி. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களும் நலவாரிய உறுப்பினர்களும் நான்கு ஆண்டுகளில் 1 லட்சம் ரூபாய் வரை பயன்பெறலாயினர். ஆட்சி மாறியபின் 11.01.2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. வரம்பு ஆண்டிற்கு 1 லட்சமாகவும், குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு 1.5 லட்சமாகவும் உயர்ந்தது. 2018இல் ஒன்றிய அரசின் திட்டத்துடன் இணைக்கப்பட்டபின் 5 லட்சம் ரூபாய் ஆயிற்று. வருமான வரம்பு பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. திருவண்ணாமலையில் 2013இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டமையால், முன்பு வேலூரோ சென்னையோ சென்று பெற்ற சிகிச்சைகள் சில உள்ளூரிலேயே இத்திட்டத்தின்கீழ் கிடைக்கலாயின.

நடைமுறையில் இவ்வுதவி மூன்று தாள்களில் நிற்கிறது: குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று. இவற்றைக் கொண்டு மாவட்ட ஆட்சியரகத்தின் பதிவு மையத்தில் காப்பீட்டு அட்டை பெறவேண்டும். பின்னர் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, முன்னனுமதி பெறவேண்டும். உடனிருப்பவரின் உணவு, பயணம், இழந்த கூலி ஆகியவை எப்பட்டியலிலும் இல்லை. ஜமுனாமரத்தூர் மலைக்கிராமத்துப் பழங்குடிக் குடும்பத்திற்குச் சான்று பெற இறங்கிவரும் நாளே ஒரு நாட்கூலி. செய்யாற்றின் தலைமாட்டில் வாழும் இவர்களுக்கு, ஆற்றின் முடிவிலிருந்த ஆதுலசாலையைப் போலவே, நோயன்றி உறுப்புரிமையே முதற்கேள்வியாகிறது.

திட்டத்தின் அலகு தனிமனிதர் அல்லர், குடும்பம். இவ்வரையறை பிற ஊர்களில் பெரிதாகத் தோன்றாது; திருவண்ணாமலையில் அது கூர்மையடைகிறது. கிரிவலப் பாதையில் வாழும் துறவியர் வீட்டையும் ஊரையும் துறந்தவர்கள். குடும்ப அட்டை, முகவரி, வருமானம் ஆகிய மூன்றும் அவர்களிடம் இல்லை. வருமானமே இல்லாதவர் வருமானச் சான்று இல்லாமையால் விடுபடுவது விந்தைதான். அட்டையற்றோரில் சில பிரிவினரை அரசு தனியே கருதியுள்ளது. முகாம்வாழ் இலங்கைத் தமிழர்க்கு வருமான வரம்பு இல்லை. பதிவுபெற்ற இல்லங்களின் ஆதரவற்ற குழந்தைகளுக்கும், வசிப்பிடச் சான்று பெற்ற புலம்பெயர் தொழிலாளர்க்கும் வழி உண்டு. துறவியர்க்கு அத்தகைய தனிப்பிரிவு அமையவில்லை. அரசு மருத்துவமனையின் இலவசப் படுக்கையும் ஆசிரமங்களின் மருந்தகங்களுமே அவர்களுக்குத் துணை.

இவ்வரலாற்றில் உண்மையான முறிவு 18.12.2021இல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் நிகழ்ந்தது. அவசர சிகிச்சை மறுக்கப்படுவது வாழ்வுரிமையை மீறுவதாகும் என உச்ச நீதிமன்றம் மேற்கு வங்க வழக்கில் 1996இல் தீர்ப்பளித்திருந்தது. அக்கருத்துக்கு நிதிவடிவம் தந்தது இத்திட்டம் எனலாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் காயமுற்ற எவருக்கும், காப்பீட்டு அட்டை இருப்பினும் இல்லாவிடினும், வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவர் ஆயினும், முதல் 48 மணிநேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் வரம்பு 1 லட்சம் ரூபாய். இங்கு ஒருவர் யார் என்பது கேட்கப்படவில்லை; விபத்து எங்கு நேர்ந்தது என்பதே கேட்கப்படுகிறது. பௌர்ணமிதோறும் ஆந்திரம், கருநாடகம் முதலிய மாநிலத்தார் திரளும் நகருக்கு இதன் பொருத்தம் சொல்லாமலே விளங்கும். கிரிவலப் பாதையில் ஊர்தி மோதிய துறவியும், பெங்களூரிலிருந்து வந்த பயணியும் அந்த இரண்டு நாட்களில் ஒரே தகுதியினர்.

நாற்பத்தொன்பதாம் மணியில் காப்பீட்டு அட்டை உள்ளவர் அதே மருத்துவமனையில் தொடரலாம். அட்டை இல்லாதவர் அரசு மருத்துவமனைக்கு மாற்றப்படுவார், அன்றேல் தம் செலவில் அங்கேயே தொடர்வார்.