ஜெனரல் (கனடா)

கனேடியத் தரைப்படையிலும் வான்படையிலும் ஒருவர் எட்டக்கூடிய மிக உயர்ந்த தரம் ஜெனரல். கடற்படையில் அதற்கு நிகரானது அட்மிரல். நான்கு பொன்னிற மேப்பிள் இலைகள் இத்தரத்தின் அடையாளம். பிரித்தானியா, இந்தியா, இலங்கை ஆகியவற்றில் இதற்கும் மேலே பீல்ட் மார்ஷல் என்ற படி உண்டு. கனடா தன் படையினர் எவருக்கும் அதை அளித்ததில்லை. ஆளுநர் நாயகம் வகிக்கும் தலைமைத் தளபதி என்பது அரசமைப்புப் பதவியே அன்றிப் படைத்தரம் அன்று.

கனடாவின் படை வரலாற்றில் மொன்றியலுக்கும் இடமுண்டு. நகரின் மேற்கே, தேவசேனாபதியான முருகனுக்குத் தமிழர் கோயில் எழுப்பியிருக்கும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ நகராட்சி ஒரு படைவீரனின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆடம் டொலார்ட் இன்றைய மொன்றியலான வில்-மரிக் கோட்டையின் காவற்படைத் தலைவர். 1660 மே மாதம் ஒட்டாவா ஆற்றங்கரையில் லோங் சோ என்னுமிடத்தில், 16 பிரெஞ்சுக்காரரோடும் சுமார் 40 ஹூரோன் வீரரோடும் நான்கு அல்கொன்கின் வீரரோடும் நின்று இரோக்வாப் படையை எதிர்த்து மடிந்தார். ஹூரோன் தலைவர் அன்னஹொட்டாஹாவும் அங்கேயே வீழ்ந்தார்.  20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் குருவானவர் லியோனெல் குரூ போன்றோர் டொலார்டைக் கியூபெக்கின் தேசிய வீரராக உயர்த்தினர். மே மாதத்தில் அவர் பெயரால் கொண்டாடப்பட்ட நாள் 2003 முதல் தேசபக்தர் நாளாயிற்று.

அந்நாள் நினைவுகூரும் தேசபக்தர் கிளர்ச்சியாளர்களை 1837 டிசம்பரில் மொன்றியலுக்கு அருகே சென்-யூஸ்டாஷில் முறியடித்த ஜோன் கோல்போர்ன் 1860இல் பீல்ட் மார்ஷல் ஆனார். பின்னாளில் ஆளுநர் நாயகங்களாக இருந்த பிங், அலெக்சாந்தர் ஆகியோரும் அத்தரம் பெற்றவர்களே. மூவரும் பிரித்தானியர்.

கனேடியர்களில் முதலாவதாக ஜெனரல் தரம் பெற்றவர் சர் ஆர்தர் கரி (1875–1933). ஒன்ராறியோவில் பிறந்து, விக்டோரியாவில் பள்ளி ஆசிரியராகவும் காப்புறுதி முகவராகவும் இருந்த இவர் 1897இல் தொண்டர் பீரங்கிப் படையில் சாதாரண வீரராகச் சேர்ந்தார். முதலாம் உலகப் போரின்போது, 1917 ஜூனில் பிங்கிடமிருந்து ஐரோப்பாவிலிருந்த கனேடியப் படையணியின் தலைமையை ஏற்றார். பாஷண்டேல் தாக்குதலில் 16,000 பேர்வரை இழக்க நேரும் என முன்கூட்டியே கூறி ஆட்சேபித்தார். மேலிடம் கேட்கவில்லை, இழப்பும் ஏறத்தாழ அவ்வளவே ஆனது. போர் முடிந்து 1919இல் நாடு திரும்பியபோதுதான் ஜெனரல் ஆனார். மறு ஆண்டு, படித்துப் பட்டம் எதுவும் பெறாத அவரை மக்கில் பல்கலைக்கழகம் தன் முதல்வராக்கியது. போரின் கடைசி நாளில் மோன்ஸ் நகரைப் பிடிக்க வீணாக உயிர்களைப் பலியிட்டார் என்று 1927இல் ஒரு சிற்றூர்ப் பத்திரிகை பழி சுமத்தியது. கரி வழக்குத் தொடுத்து 1928இல் வென்றார். கேட்ட இழப்பீடு 50,000 டொலர், கிடைத்தது 500. பெயர் மீண்டது, ஆனால் உடல்நலம் மீளவில்லை. மொன்றியலிலேயே இறந்து மவுண்ட் ரோயல் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இரண்டாம் உலகப் போரில் கனேடியத் தளபதிகள் மக்நோட்டன், கிரேரார் ஆகியோர் 1944இல் இத்தரம் பெற்றனர்.

1964இல் பாதுகாப்புப் பதவிநிலைப் பிரதானி என்ற பதவி உருவானது. 1968இல் முப்படைகளும் ஒன்றாக்கப்பட்டபின், ஜெனரல் தரம் வழமையாக அப்பதவிக்கே உரியதாயிற்று. 1972இல் அதை ஏற்ற ஜாக் டெக்ஸ்ட்ராஸ் மொன்றியலில் பிறந்தவர். அந்நகரின் பியூசிலியே மோன்-ரோயால் படைப்பிரிவில் சாதாரண வீரராகச் சேர்ந்து உச்சம் தொட்டவர். அமெரிக்கப் படையில் பணியாற்றிய அவருடைய மகன் வியட்நாமில் உயிரிழந்தார்.

2024 ஜூலையில் கியூபெக்கைச் சேர்ந்த ஜெனி கரிஞான் பாதுகாப்புப் பதவிநிலைப் பிரதானிப் பதவியை ஏற்ற முதல் பெண் ஆனார்.