காரணம் கேட்காத பாட்டு

நம் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் அறைத்தோழன் ஓர் ஆங்கில ஞானப்பாட்டை முணுமுணுத்தபடி துணி துவைப்பான். "வேற பாட்டே கிடைக்கலையாடா?" என்று கிண்டல் செய்வேன். மூன்று வருடத்துக்கு முன் அவனுடைய இரண்டு வயது மகள் காய்ச்சலில் போய்விட்டாள். அடக்க ஆராதனையில் அதே பாட்டைப் பாடினார்கள். அப்புறம்தான் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

எழுதியவர் சிகாகோ வக்கீல் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்ட். 1873 நவம்பரில் மனைவி அன்னாவையும் நான்கு பெண் குழந்தைகளையும் 'வில் டு ஹாவ்ர்' கப்பலில் ஐரோப்பாவுக்கு முன்னால் அனுப்பினார். 22-ஆம் தேதி அதிகாலை அது 'லாக் எர்ன்' என்ற இரும்புப் பாய்க்கப்பலோடு மோதி, சுமார் 12 நிமிடத்தில் மூழ்கியது. இறந்தவர்கள் 226 பேர். ஆனி, மேகி, பெஸ்ஸி, டனெட்டா நால்வரும் அதில் போனார்கள். மூத்தவளுக்கு வயது 11, கடைக்குட்டிக்கு 2. கரைசேர்ந்த அன்னா, தான் மட்டும் பிழைத்ததாகத் தந்தி அடித்தார். அந்தத் துக்கத்தில் பிறந்ததுதான் 'இட் இஸ் வெல் வித் மை சோல்'.

மெட்டமைத்தவர் ஃபிலிப் பிளிஸ். மூழ்கிய கப்பலின் பெயரே மெட்டுக்கும் பெயராயிற்று. பாட்டு அச்சேறிய 1876-இலேயே, டிசம்பர் 29 அன்று, ஒஹையோ மாநிலத்தின் ஆஷ்டபுலா ரயில் பாலம் இடிந்து பிளிஸும் அவர் மனைவியும் இறந்தார்கள். பாலம் விழுந்தால் நம்மைப் போன்ற இன்ஜினீயர்கள் காரணம் தேடுவோம். தேடத்தான் வேண்டும். அந்தப் பாலத்தின் வார்ப்பிரும்பு உறுப்பு ஒன்றில் குறை இருந்ததாகப் பின்னர் தெரிந்தது.

ஆனால் குழந்தையை இழந்த வீட்டில்? 1880-இல் ஸ்பாஃபோர்டின் சின்ன மகனும் காய்ச்சலில் இறந்தான். இது கடவுளின் தண்டனையோ என்று சபைக்குள்ளேயே பேச்சு எழுந்தது. அந்தக் குடும்பம் 1881-இல் ஜெருசலேம் போய்ச் சேர்ந்தது. அங்கே 1925-இல், பிறகு பிறந்த மகள் பெர்த்தா பச்சிளங்குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நண்பன் வீட்டில் நானும், "ஏன்டா சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல?" என்று கேட்டவன்தான். அவன் பதில் சொல்லவில்லை. அந்தப் பாட்டு அப்படி எதுவும் கேட்பதில்லை. துக்கம் அலையாக வந்தாலும் மனசு அமைதி கொள்ளலாம் என்று மட்டும் சொல்கிறது.

இந்தச் சந்திப்புக்கு அவனும் வருகிறான். இந்தத் தடவை காரணம் கேட்க மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தம்பி தங்கைகளே, வகுப்பில் நமக்குச் சொல்லித்தராத பாடம் இது.