கடிகாரமும் டிராவும்: சதுரங்க விதிகள் மாறிய கதை

நம் அங்கத்தினர் குடும்பங்களில் குழந்தைகள் செஸ் போட்டிகளுக்குப் போய் வருவது இன்று சகஜம். தாத்தா கற்ற ஆட்டத்துக்கும் பேரன் ஆடும் ஆட்டத்துக்கும் காய்களில் வித்தியாசம் இல்லை. கடிகாரத்திலும் டிரா விதிகளிலும்தான் வித்தியாசம். இவை இரண்டும் ஒன்றையொன்று எப்படி மாற்றின என்பது சுவாரஸ்யமான சரித்திரம்.

விதிகள் மாறுவது நமக்குப் புதிதல்ல. நம் நாட்டுச் சதுரங்கத்தில் பல இடங்களில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். 1814-ல் பம்பாயில் திருவேங்கடாசார்ய சாஸ்திரி என்பவரின் சதுரங்க நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது, ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்ப அமைத்தது என்று தலைப்பிலேயே குறிப்பு இருந்தது. ரேணிகுண்டாவில் என் வீட்டு மாடியிலிருந்து தெரியும் மலையின் பெயரைத் தாங்கியவர் அவர் என்பதில் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம்.

அக்காலத்தில் கடிகாரம் கிடையாது. 1851 லண்டன் போட்டியில் எதிராளி யோசித்தே களைப்படைய வைக்கிறார் என்ற புகார் பலமாக எழுந்தது. 1861-ல் ஆண்டர்சன், கோலிஷ் ஆட்டத்தில் மணல் கடிகாரம் வந்தது. 2 மணி நேரத்தில் 24 நகர்த்தல்கள். 1883 லண்டன் போட்டியில் மான்செஸ்டர் வில்சன் அமைத்த இரட்டைக் கடிகாரம் வந்தது. ஒன்று ஓடினால் மற்றது நிற்கும். பின்னர் சிறிய சிவப்புக் கொடி சேர்ந்தது. நிமிட முள் அதை மெல்லத் தூக்கி, 12-ஐத் தொட்டதும் விட்டுவிடும். கொடி விழுந்தால் தோல்வி.

பௌதிகம் படித்தவன் என்ற முறையில் அதன் குறை எனக்கு உடனே தெரிந்தது. கடைசி நிமிடத்தில் மிச்சம் எத்தனை வினாடி என்று அந்த முள்ளைப் பார்த்துச் சொல்ல முடியாது. பல வருஷங்களுக்கு முன் பக்கத்து ஊர்ப் போட்டி ஒன்றில் ஒரு சிறுவனிடம் ராஜாவும் யானையும், எதிரியிடமும் அதே. யாரும் ஜெயிக்க முடியாத நிலை. எதிரி காயை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டே இருந்தான். சிறுவனின் கொடி விழுந்தது. அரைப் புள்ளியும் போயிற்று. பையன் அழவில்லை. ஆனால் வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்படிப்பட்டவர்களுக்காகவே சர்வதேச சம்மேளனத்தின் 1997 விதிகளில் 10.2 என்ற பிரிவு இருந்தது. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக நேரம் உள்ளவர், எதிராளி இயல்பான முறையில் ஜெயிக்க முயலவில்லை அல்லது ஜெயிக்க முடியாது என்று சொல்லி டிரா கோரலாம். நல்ல விதிதான். ஆனால் "முயற்சி" என்பதை எதைக் கொண்டு அளப்பது? எல்லாம் நடுவரின் அபிப்பிராயம். சிறு ஊர்களில் இதனால் தீராத வாக்குவாதம்.

தீர்வு வேறு பக்கத்திலிருந்து வந்தது. பாபி ஃபிஷர் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில வினாடிகள் கூட்டித் தரும் டிஜிட்டல் கடிகாரத்துக்கு 1989-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1992-ல் ஸ்பாஸ்கியுடன் ஆடியபோது அதையே பயன்படுத்தினார். ஆடிக்கொண்டே இருப்பவருக்கு நேரம் பிறந்துகொண்டே இருக்கும். டிரா நிலையைக் காப்பாற்றத் தெரிந்தவர் காப்பாற்றிக்கொள்வார். 2014 விதிகள் இதை அழகாக ஒப்புக்கொண்டன. பழைய 10.2 பின்னிணைப்புக்குப் போயிற்று. முடிந்தால் இருவருக்கும் 5 வினாடி கூடுதல் தரும்படி கடிகாரத்தை மாற்றி அமைக்கச் சொல்லிக் கோரலாம் என்ற புது வழியும் வந்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. கூடுதல் நேரம் 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால், கடைசி 5 நிமிடத்தில் நகர்த்தல்களை எழுத வேண்டியதில்லை. 30 வினாடி தந்தால் கடைசிவரை எழுதியாக வேண்டும். எழுத்து இருந்தால்தான் ஒரே நிலை மூன்று முறை வந்ததையும், 50 நகர்த்தல்கள் வெட்டில்லாமல், சிப்பாய் நகராமல் கழிந்ததையும் நிரூபிக்க முடியும். ஆக, நேரம் கொடுத்த கடிகாரம் சாட்சியத்தையும் கொடுத்தது. 2014 முதல் ஐந்து முறை நிலை திரும்பினாலோ 75 நகர்த்தல்கள் அப்படிக் கழிந்தாலோ, யாரும் கோராமலே ஆட்டம் டிரா.

பேசி வைத்துக்கொண்டு டிரா செய்வதை மட்டும் எந்தக் கடிகாரமும் தடுக்காது. அதற்குத் தனி விதி வேண்டியிருக்கிறது. 2024 சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரனும் மோதியபோது 40 நகர்த்தல்களுக்கு முன் டிரா கேட்கக் கூடாது. அதே போட்டியில் கூடுதல் வினாடிகளும் 41-வது நகர்த்தலிலிருந்துதான். அதனால் முதல் 40-ல் பழைய நேர நெருக்கடி அப்படியே இருந்தது. ஆனால் தடை இருந்தாலும், நிலை மூன்று முறை திரும்புவதை என்ன செய்வது? 2013 சென்னையில் ஆனந்த், கார்ல்சன் முதல் ஆட்டம் அப்படித்தான் 16 நகர்த்தல்களில் முடிந்தது.

பழைய கொடியின் பரபரப்பு போய்விட்டதே என்று வருத்தப்படுவோர் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. பலகையில் சம்பாதித்த அரைப் புள்ளி பலகையிலேயே நிற்க வேண்டும். அங்கத்தினர்கள் தங்கள் ஊர்களில் குழந்தைகளுக்குப் போட்டி நடத்தினால், கோப்பையின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்தாவது டிஜிட்டல் கடிகாரங்கள் வாங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.