மலையடிவாரத்து ஜீப்பும் டீசல் எஞ்சினும்

தென்காசியை ஒட்டிய இலத்தூர் வட்டாரம் குளத்துப் பாசனத்தாலும் நெல் வயல்களாலும் ஆன சமவெளி. ஆனால் மேற்கே சில கிலோமீட்டர் தொலைவிலேயே குற்றால மலை எழுகிறது, செங்கோட்டையைக் கடந்த சாலை ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொல்லத்துக்கு ஏறுகிறது. இத்தகைய மலையடிவாரத்தில் ஒரே வண்டி காலையில் வரப்போரச் சேற்றிலும் மாலையில் மலைத்தோட்டப் பாதையிலும் பாரம் சுமக்க வேண்டியிருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தக்கூடிய ஜீப் இந்தத் தேவைக்குப் பொருந்தியது. எனினும் அரை நூற்றாண்டு உழைத்த ஜீப்புகளில், தொழிற்சாலையில் பொருத்திய எஞ்சினோடும் கியர்பாக்ஸோடும் எஞ்சியவை குறைவே. எந்த எஞ்சினை எடுத்துவிட்டு எதை வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்பது அந்த வண்டியின் வரலாறு மட்டுமன்று. எரிபொருள் விலையின் வரலாறும், உழவு இயந்திரங்களின் வரலாறும் அதற்குள் அடங்கியுள்ளன.

இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைக் கட்டின. போர் முடிந்தபின் அவற்றில் ஒரு பகுதி ராணுவ ஏலங்களின் வழியாக இந்தியத் தனியார் கைகளுக்கு வந்தது. 1945இல் தொடங்கப்பட்ட மகிந்திரா நிறுவனம் அந்தப் பத்தாண்டின் இறுதியில் பம்பாயில் ஜீப்புகளை ஒன்றுசேர்க்கத் தொடங்கி, பின்னர் உயரமான முன்மூடி கொண்ட சிஜே-3பி வகையை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்தது. போர்க்கால ஜீப்பின் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 60 குதிரைத்திறன் தந்தது. சிஜே-3பியில் அதே கொள்ளளவில், உள்வாங்கும் வால்வுகளை மேலே ஏற்றி வடிவமைத்த எஞ்சின் இருந்ததால்தான் முன்மூடியும் உயர நேர்ந்தது. அழகுக்காக என்று பலர் நினைக்கும் அந்த உயரம் உண்மையில் ஒரு வால்வு அமைப்பின் விளைவு.

இந்தப் பெட்ரோல் எஞ்சின்கள் உறுதியானவை, ஆனால் எரிபொருளை விழுங்குபவை. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியில் பன்னாட்டுச் சந்தையில் கச்சா எண்ணெய் பீப்பாய் சுமார் 3 டாலரிலிருந்து சில மாதங்களில் ஏறத்தாழ 12 டாலருக்கு உயர்ந்தபோது அந்தக் குறை தாங்க முடியாததாயிற்று. லாரி, பேருந்து, பம்புசெட், டிராக்டர் ஆகியவற்றை நம்பிய நாட்டில் டீசலை அரசு குறைந்த விலையில் வைத்திருந்தது. டீசல் விலைக் கட்டுப்பாடு முழுமையாக நீங்கியது 2014 அக்டோபரில்தான். எனவே பெட்ரோல் ஜீப்பை டீசலுக்கு மாற்றுவது விருப்பத்தின் பாற்பட்டதன்று, கணக்கின் பாற்பட்டது. மாற்று எஞ்சினின் விலையும் பட்டறைக் கூலியும் எத்தனை ஆண்டில் எரிபொருள் செலவில் திரும்பும் என்பதே உரிமையாளரின் முதற்கேள்வியாக இருந்தது. எத்தனை குதிரைத்திறன் என்பது வெகு பின்னால் வந்த கேள்வி.

இரண்டாவது கேள்வி, உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்பது. நெல் விளையும் வட்டாரங்களுக்கு அதன் விடை டிராக்டரில் இருந்தது. 1963இல் மகிந்திராவும் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் வோல்டாஸும் இணைந்து தொடங்கிய டிராக்டர் நிறுவனத்தின் பி-275 டிராக்டர் பரவலாக விற்றது. 1977இல் அந்நிறுவனம் மகிந்திராவுடன் இணைக்கப்பட்டது. அந்த டிராக்டரின் டீசல் எஞ்சினின் வழிவந்ததே 1970களில் மகிந்திரா தன் ஜீப்புகளுக்குப் பயன்படுத்திய சுமார் 2350 கன சென்டிமீட்டர் எஞ்சின். அதே மரபில் உருளையின் விட்டத்தை 88.9 மில்லிமீட்டராக்கி, 101.6 மில்லிமீட்டர் வீச்சை அப்படியே வைத்துப் பின்னாளில் வந்தது 2523 கன சென்டிமீட்டர் எஞ்சின். வயலுக்கான எஞ்சினைச் சாலை வண்டிக்குள் வைத்தவர்கள் பட்டறைக்காரர்கள் மட்டுமல்லர், தொழிற்சாலையும் அதையே செய்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

டிராக்டர் வழி எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு: வீச்சு நீளமாதலால் குறைந்த சுழற்சியிலேயே முறுக்குவிசை, அதாவது அச்சைத் திருப்பும் வலு, மிகுதியாகக் கிடைக்கும்; வேகமாகச் சுழல மட்டும் அது மறுக்கும். இதற்கு நேர்மாறானது 1979இல் பிரான்சின் பெழோ நிறுவனத்திடமிருந்து மகிந்திரா உரிமம் பெற்ற எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சின். 90 மில்லிமீட்டர் விட்டமும் 83 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட அந்த 2112 கன சென்டிமீட்டர் எஞ்சின், கார் மரபில் வந்ததால், நிமிடத்துக்கு 4500 சுற்று வரை சுழலும்; திறனும் பழைய பெட்ரோல் எஞ்சினை ஒட்டியே, 62 குதிரைத்திறன். பழைய ஜீப்புக்கு இவ்விரண்டில் எது பொருத்தம் என்பதை எஞ்சினை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. அதைத் தீர்மானித்தவை கியர்பாக்ஸும் பின்னச்சும்.

பழைய ஜீப்பின் டி-90 கியர்பாக்ஸில் மூன்றே முன்கியர்கள். முதற்கியரில் எஞ்சின் 2.8 சுற்றுச் சுற்றினால் வெளித்தண்டு ஒரு சுற்றுச் சுற்றும், மூன்றாம் கியரில் இரண்டும் சமமாகச் சுழலும். அதன் பின்னே உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ், விசையை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பகிர்வதோடு, ‘லோ’ நிலையில் வேகத்தை மேலும் 2.46 மடங்கு குறைக்கும். இறுதியாக அச்சிலுள்ள கிரவுன்-பினியன் பற்சக்கரங்கள் 5.38 மடங்கு குறைக்கும். மூன்றையும் பெருக்கினால் 37 வருகிறது: எஞ்சின் 37 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒருமுறை உருளும். இந்தக் குறைப்பில் டீசல் எஞ்சின் வெற்றோட்டத்திலேயே வண்டியை ஆள் நடப்பதைவிட மெதுவாக மலையேற்றிவிடும். இறங்கும்போது பிரேக்கைத் தொடாமலே கீழே கொண்டுவரும். மலைப்பாதையில் வண்டியைக் காத்தது எஞ்சினின் திறனைவிட இந்தப் பெருக்கல்தான்.

அதே பெருக்கல் சமவெளியில் தொல்லையாயிற்று. 16 அங்குலச் சக்கரத்துக்குரிய பழைய டயரோடு 2000 சுற்றில் மேல்கியரில் ஜீப் மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர்தான் செல்லும். 3000 சுற்றை நெருங்கும்போதே களைத்துவிடும் டிராக்டர் மரபு எஞ்சினுக்கு 75 கிலோமீட்டர் என்பதே எல்லை. பெழோ எஞ்சின் சுழன்று ஈடுகட்டும். மற்றதற்கு ஒன்று கிரவுன்-பினியனை மாற்ற வேண்டும், அன்றி ஐந்தாம் கியரில் வெளித்தண்டு எஞ்சினைவிட விரைந்து சுழலும் பிற்காலக் கியர்பாக்ஸைப் பொருத்த வேண்டும். ஐந்து கியர் பெட்டி நீளமானது. அது டிரான்ஸ்ஃபர் கேஸைப் பின்னுக்குத் தள்ளும். அச்சுகளுக்கிடையே 80 அங்குலமே உள்ள சிஜே-3பியில் விசையைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஏற்கெனவே குட்டை. மேலும் குறுகினால் அதன் சாய்வுக் கோணம் கூடி, இரு முனையிலும் உள்ள கிராஸ் எனும் மூட்டுகள் விரைவில் தேயும். ஆகவே குட்டை ஜீப்புக்கு நான்கு கியர், நீள ஜீப்புக்கு ஐந்து கியர் என்ற பட்டறை வழக்கத்தில் அனுபவ அறிவோடு வடிவியலும் இருந்தது.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் இடைத்தகடு லேத்தில் கடையப்படுவது. எஞ்சினின் கிராங்க் அச்சும் கியர்பாக்ஸின் உள்தண்டும் ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால் கிளட்ச் தட்டும் முன்தாங்கியும் சில மாதங்களில் போய்விடும். கனத்த டீசல் எஞ்சினுக்காக முன் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை ஏற்றினார்கள், தொடக்ககால 6 வோல்ட் மின்னமைப்பை 12 வோல்ட்டாக்கினார்கள். பெட்ரோல் எஞ்சினில் காற்று ஆறரை மடங்கு அழுத்தப்படுகையில் டீசலில் அதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தப்படுவதால், ஸ்டார்ட்டரும் பேட்டரியும் பெரிதாக வேண்டியிருந்தன.

மட்டடோர் வேனின் மெர்சிடிஸ் மரபு எஞ்சின், இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த இசுசு எஞ்சின் ஆகியவையும் ஜீப்புகளுக்குள் புகுந்தன. பிலிப்பைன்சில் போர் ஜீப்பின் வழிவந்த ஜீப்னி வண்டிகளும் ஜப்பானிய டீசல் எஞ்சின்களுக்கே மாறின என்பதால், இந்தப் போக்கை இந்தியக் கைத்திறனின் தனிச்சிறப்பாகக் கொண்டாடுவது மிகை.

சட்டம் இதில் தாமதமாகவே இறுகியது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு 2000இல் திருத்தப்பட்டு, தயாரிப்பாளர் குறித்த அளவீடுகளிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படியான மாற்றத்தைத் தடை செய்தது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உறுதிப்படுத்தியது. அதற்கு முன்பே முறைப்படி ஒப்புதல் பெற்று ஆர்.சி. புத்தகத்தில் ‘டீசல்’ எனப் பதிந்துகொண்ட பழைய ஜீப்புகள் இப்போது சேகரிப்பாளர்களின் கைக்கு வருகின்றன. அவர்கள் பழைய பெட்ரோல் எஞ்சினையே மீண்டும் வைக்க விரும்புகிறார்கள்; ஆனால் கழற்றிய எஞ்சின்களில் பல எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன, அகப்பட்ட ஒன்றைப் பொருத்தினாலும் எரிபொருள் பதிவைத் திருத்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மறுபடி மனுச் செய்தாக வேண்டியிருக்கிறது.