ஆடவர் மார்பக விருத்தியும் புற்றுநோய் அச்சமும்: ஒரு விசாரணை

ஆடவனது மார்பில் முலைத்திசு வளர்ந்து புடைக்கும் நிலையைப் பற்றி வைத்தியர்கள் எழுதி வைத்திருப்பனவும், அந்நிலையோடு நாள்தோறும் வாழ்கின்றவர்கள் தம் மனத்துள் மறுகுவனவும் ஒன்றோடொன்று ஒட்டுவன அல்ல. வைத்தியர் அதனைத் தீங்கற்றதெனக் குறித்துவிட்டு அடுத்த நோயாளியை அழைக்கிறார். நோயாளியோ, இன்றைக்கு வீக்கமாய் நிற்பது நாளைக்குப் புற்றாய் முடியுமென்று கருதி, அக்கருத்தை மனைவியிடத்தும் சொல்ல லஜ்ஜைப்பட்டு, கோடையிலும் பனியனுக்குமேல் தடித்த சட்டை மாட்டிக்கொண்டு காலங்கழிக்கிறான். இவ்விரு திறத்தாரும் பாதி உண்மையையே பற்றி நிற்கின்றனர் என்பதும், மார்பக விருத்தியும் மார்பகப் புற்றும் தாயும் மகளும் போல ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பன அல்ல, ஹார்மோன் பிறழ்ச்சி என்னும் ஒரு வயிற்றிற் சில வேளை உடன் பிறப்பன என்பதும், இக்கட்டுரையில் நிறுவக் கருதியவை.

முதற்கண் சரீர இயல்பை நோக்குவோம். மார்பில் பால் நாளங்களின் அடிப்படை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. அவற்றை வளரத் தூண்டும் ஈஸ்ட்ரோஜனும், வளரவொட்டாமல் தடுக்கும் ஆண்மை ஹார்மோன்களும் எவ்வளவிற் கலந்து நிற்கின்றன என்பதைப் பொறுத்தே இரு பாலார் மார்பும் வேறுபடுகின்றன. ஆண் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஏது என வியப்பார் உளர். விரைகள் நேரே சுரப்பது சொற்பமே; பெரும்பகுதி, டெஸ்டாஸ்டிரோன் முதலிய ஆண்மை ஹார்மோன்களை அரோமட்டேஸ் என்னும் நொதி கொழுப்பிலும் தசையிலும் தோலிலும் வைத்து உருமாற்றுவதனால் உண்டாவது. ஆகவே ஈஸ்ட்ரோஜன் உயர்ந்தாலும், அது நின்ற அளவில் நிற்க ஆண்மை ஹார்மோன் தாழ்ந்தாலும், மார்பில் காணும் விளைவு ஒன்றே. பிறந்த குழவிகளிற் பெரும்பாலானவற்றுக்குத் தாயின் ஹார்மோனாலும், பருவமெய்தும் சிறுவருள் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வளர்ச்சியின் தடுமாற்றத்தாலும், முதியவர்க்கு ஆண்மை ஹார்மோன் தளர்ந்து கொழுப்பு மிகுவதாலும் இது நேர்கிறது. சிறுவர்க்கு உண்டாவது பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் தானே வடிந்துவிடும்.

கொழுப்பு திரண்டு மார்பு தொங்குவது வேறு, திசுவே வளர்வது வேறு. அனுபவமுள்ள வைத்தியர் நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் மார்பின் இரு புறத்தும் ஊன்றி, மெல்ல மெல்லக் காம்பை நோக்கி ஒன்றுசேர்ப்பார். வெறுங் கொழுப்பாயின் விரல்கள் தடையின்றிக் காம்பளவும் வந்து கூடும். மெய்யான விருத்தியாயின் காம்பின் அடியில் ரப்பர் வில்லை போன்றதொரு வட்டம் நெகிழ்ந்து அசைந்து விரலைத் தடுக்கும். புற்று காம்பின் அருகே தோன்றினும் அங்ஙனம் அதனை வட்டமாகச் சூழ்ந்து அமைவது அரிது. பெரும்பாலும் ஒரு பக்கமாக, கல்லெனக் கெட்டித்து, நோவின்றி, தோலையோ தசையையோ பற்றிக்கொண்டு நிற்கும். காம்பு உள்வாங்குதலும் அதினின்று குருதி கசிதலும் அதற்குரிய குறிகள். செலவில்லாத இப்பரிசோதனை பாதிச் சந்தேகத்தைத் தீர்க்க வல்லது. ஆயினும், சட்டையைக் கழற்றச் சொல்லாமலே மருந்துச் சீட்டு எழுதப்படும் இடங்களில் இதற்கு வாய்ப்பேது?

இனிக் காரணங்களுக்கு வருவோம். விஷயத்தின் சுவையெல்லாம் இங்கேதான் உளது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் சிறைமுகாம்களிற் பட்டினி கிடந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பலருக்கு, உணவு சீர்ப்பட்டு உடம்பு தேறத் தொடங்கிய பின்னரே மார்பு புடைத்தது. பட்டினியால் உறங்கிப்போன பிட்யூட்டரி சுரப்பியும் விரைகளும் மீண்டும் விழித்தெழும்போது, பருவமெய்தும் சிறுவனுக்கு நேரும் தடுமாற்றமே வளர்ந்த மனிதனுக்கு இரண்டாம் முறை நேர்கிறதென்பது வைத்தியர் கண்ட விளக்கம். 1981, 1982ஆம் ஆண்டுகளில் அமெரிக்கத் தடுப்பு முகாம்களில் வைக்கப்பட்டிருந்த ஹைட்டி நாட்டு அகதி ஆடவர் பலருக்கும் திடீரென இவ்வளர்ச்சி தோன்றிற்று. பேன் ஒழிக்கப் பயன்படுத்திய ஃபீனோத்ரின் என்னும் பூச்சிமருந்து, ஆண்மை ஹார்மோன் சென்று பற்ற வேண்டிய இடத்தைத் தான் பற்றிக்கொள்ள வல்லதெனப் பின்னர் ஆராய்ந்தவர்கள் அதன்மேற் சந்தேகங் கொண்டனர். தொழுநோயின் கடுமையான வகையில் கிருமிகள் விரைகளை அழித்துவிடுவதால் மார்பு வளர்தலைத் தொழுநோய் வைத்தியர் நன்கறிவர்.

நம் நாட்டு மருத்துவமனைகளில் இன்று அடிக்கடி காணத்தக்கது குடியினாற் கெட்ட ஈரலின் விளைவு. மது ஈரலை மாத்திரமன்றி விரைகளையும் நேரே தாக்கி ஆண்மை ஹார்மோனைக் குறைக்கிறது. கெட்ட ஈரலினால் ஹார்மோன் சமநிலை மேலும் குலைகிறது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்ள, அந்நீரை வடிக்கக் கொடுக்கப்படும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையோ ஆண்மை ஹார்மோனின் தொழிலைத் தடுத்து, நோய் தொடங்கிவைத்ததை முடித்து வைக்கிறது. நோயின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்பது படுக்கையிற் கிடப்பவனுக்கு விளங்குவதில்லை, விளக்கப்படுவதும் அரிது. கீட்டோகோனசோல், டிஜாக்ஸின், ஃபினாஸ்டெரைடு, ரிஸ்பெரிடோன், எஃபாவிரென்ஸ் எனப் பழி ஏற்கும் மருந்துகளின் வரிசை நீளும். தசை திரட்டும் ஆசையால் உடற்பயிற்சிக் கூடங்களில் இளைஞர் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசிகளும் அவற்றோடு சேரும். ஆண்மை வேண்டிப் போட்டுக்கொண்ட மருந்தை அரோமட்டேஸ் ஈஸ்ட்ரோஜனாக்கித் தருவது இயற்கையின் ஒரு பரிகாசம் போலும்.

ஆடவர் மார்பு திறந்திருத்தலை அநாகரிகமாகக் கருதாத நாட்டில் இந்நிலையோடு வாழ்வது தனித்ததொரு துன்பம். திருச்செந்தூரிலும் மலையாளத்துக் கோயில்கள் பலவற்றிலும் மேற்சட்டையைக் களைந்தே ஆடவர் சந்நிதிக்குச் செல்ல வேண்டும். அவ்வரிசையில் துண்டை இரண்டாக மடித்து மார்பின் குறுக்கே இறுகப் பிடித்துக்கொண்டு நகரும் பதினாறு வயதுப் பையனைக் கண்டவர் உண்டு, காரணம் அறிந்தவர் சிலரே. ஆற்றங்கரைக்குப் போகாமை, விளையாட்டுப் பாடத்தில் தலைவலியென்று ஒதுங்கல், கூன் விழுந்தாற்போல் தோளை முன்தள்ளி நடத்தல் என்பன அவன் தானே கண்டுபிடித்துக்கொண்ட பரிகாரங்கள். வீட்டார் மெலியச் சொல்வர். மெலிந்தாற் கொழுப்புக் குறையுமேயன்றி வளர்ந்த திசு கரைவதில்லை. ஓராண்டுக்குமேல் நிலைத்த திசு நார்போல் இறுகிவிடுவதால் டாமாக்ஸிஃபென் முதலிய மருந்துகளுக்கும் அது இணங்காது. அதன்பின் கத்தி ஒன்றே வழி. வெட்கத்தால் ஒத்திப்போட்ட மாதங்களே மருந்தினால் தீரக்கூடிய மாதங்களாயிருந்தன என்பதைத் துன்பங்களுட் கொடிதென்பேன்.

புற்றுநோய் அச்சத்தின் தோற்றுவாயைத் தேடின் நாம் பாஸ்டன் நகருக்குச் செல்ல வேண்டும். 1942ஆம் ஆண்டில், அங்குள்ள மாஸசூஸெட்ஸ் பொது மருத்துவமனையில் ஹாரி கிளைன்ஃபெல்ட்டர், ரைஃபன்ஸ்டைன், ஆல்பிரைட் ஆகிய மூவரும், மார்பு வளர்ந்து விரை சிறுத்து விந்தணு அற்றிருந்த ஒன்பது ஆடவரைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தனர். மூவருள் மூத்த ஆசானாகிய ஆல்பிரைட், இளையவர் பெயரை முதலில் வைத்த பெருந்தன்மையால், நோய் கிளைன்ஃபெல்ட்டர் பெயரையே பூண்டது. 1959இல் எடின்பரோவில் பாட்ரிஷியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்டிராங்கும், இத்தகையானிடத்து ஓர் எக்ஸ் குரோமோசோம் மிகையாய் இருத்தலைக் கண்டனர். ஆண் குழந்தைகளுள் ஏறத்தாழ 600க்கு ஒருவர் இவ்வாறு பிறக்கின்றனர். பலர் தம் நிலையை வாழ்நாள் முழுதும் அறியாமலே இருந்துவிடுகின்றனர். மற்ற ஆடவரை நோக்க இவர்களுக்கு மார்பகப் புற்று வரும் அபாயம் இருபது மடங்கோ அதற்கு மேலோ ஆம். இவ்வுண்மையே, மார்பு வளர்ந்தார் அனைவர்க்கும் பொதுவென நீட்டிக்கப்பட்டு, அச்சமாகப் பரவிற்று.

நீட்டிப்பது தகுமா? பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி, மார்பகப் புற்றுற்ற 2,400க்கு மேற்பட்ட ஆடவரைப் பிறரோடு ஒப்பிட்டு 2014இல் வெளிவந்த பெருங்கணக்கு, மார்பக விருத்தி உடையார்க்கு அபாயம் ஏறத்தாழப் பத்து மடங்கு என்றது. சுவீடனிலோ, திசுச் சோதனையால் மார்பக விருத்தி உறுதிப்பட்ட 446 ஆடவரைப் பல ஆண்டு தொடர்ந்து நோக்கி 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர்க்கேனும் மார்பகப் புற்று உண்டாகவில்லை. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைத் தள்ளுவோர் உளர். அது நேரிய முறையன்று. மிக அரிதாகிய நோய்க்கு 446 பேர் என்பது சிறு தொகை. அபாயம் சில மடங்கு மிகினும் அத்தொகையில் ஒருவரும் அகப்படாமற் போகலாம். மறுபுறம், புற்றுற்றவரை மார்பு முன்பு வளர்ந்ததா என வினவும்போது, நோயின் தொடக்கமே வளர்ச்சியென நினைவுகூரப்படுவதுண்டு. புற்றுக்காக மார்பைத் துருவி ஆராய்ந்தவரிடத்து, மற்றவரிடத்துக் கவனியாது விட்ட விருத்தியும் ஏட்டில் ஏறிவிடுகிறது. ஆதலால் பத்து மடங்கு என்பது ஓரளவு மிகைப்பட்டதே என்பது என் அபிப்பிராயம். முழுப் பொய் என்பதற்கில்லை. நோய் தோன்றுமுன் எடுத்து வைத்த இரத்தத்தை ஆராய்ந்தபோதும், எஸ்ட்ராடியோல் என்னும் ஈஸ்ட்ரோஜன் மிகுந்திருந்த ஆடவர்க்கு அபாயம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆயிற்று. வேர் அங்கே இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் மிகுதி ஒருவனுக்கு மார்பை வளர்க்கலாம், மிகச் சிலர்க்குப் புற்றையும் தூண்டலாம். முன்னதே பின்னதாய் மாறுகிறதென்பதற்குத் தக்க சான்று இல்லை.

மடங்குக் கணக்கு மனத்தை மருட்டும். அமெரிக்கக் கணக்கின்படி மார்பகப் புற்று வாழ்நாளில் ஆடவர் ஏறத்தாழ 800 பேருள் ஒருவர்க்கு வருகிறது. பெண்டிர் 8 பேருள் ஒருவர்க்கு. பத்து மடங்கை அப்படியே ஒப்புக்கொண்டாலும் அது 80 பேருள் ஒருவர் என்றாகும். அஃதாவது, சாமானியப் பெண் ஒருத்தி அன்றாடம் சுமந்து நடக்கும் அபாயத்திற் பத்தில் ஒரு பங்கு.

சுவீடன் ஆய்வு உண்மையில் உணர்த்தியது வேறொன்று: அவ்வாடவர்க்கு விரையிற் புற்று ஏறத்தாழ ஆறு மடங்கு மிகுந்திருந்தது. இதிற் புதுமையில்லை. விரையில் தோன்றும் சில கட்டிகள், கருவுற்ற பெண்ணிடத்துக் காணும் எச்.சி.ஜி. ஹார்மோனைச் சுரந்து, அதன் வழியாக ஈஸ்ட்ரோஜனைப் பெருக்குகின்றன. விரையில் கட்டி கைக்குத் தட்டுப்படுமுன்னரே மார்பு புடைத்து விடுதல் உண்டு. எனவே இருபத்தைந்து வயதினன் ஒருவனுக்குக் காரணந் தெரியாமல் சில மாதங்களில் மார்பு நோவோடு வளருமாயின், வைத்தியர் முதலில் தடவிப் பார்க்க வேண்டியது விரையை. மார்பைப் படமெடுத்துப் புற்றில்லை என்று அனுப்பிவிடுவது, தேடவேண்டிய இடத்தைத் தேடாமல் விடுவதாகும்.

மெய்யாகவே மார்பிற் புற்றுறும் ஆடவர் பெரும்பாலும் அறுபது கடந்தவர். அவர்களோ அஞ்சுவதே இல்லை, அது பெண்களின் வியாதி என்றிருந்து விடுகின்றனர். மாஸசூஸெட்ஸ் மாநிலத்தினின்று அமெரிக்கச் செனட் சபைக்குச் சென்ற எட்வர்டு புரூக் என்பார், எண்பதைக் கடந்த பின்னர் இந்நோயுற்று இரு மார்பும் நீக்கப்பெற்று, 2003இல் அதனை ஊரறியச் சொன்னார். அவரளவு புகழுடையாரே சொல்லத் துணிவு வேண்டியிருந்ததெனின், பெட்டிக்கடைக்காரர் ஒருவர் காம்பிற் கசியும் குருதியைக் கைக்குட்டை வைத்து மறைப்பதிற் குறை காண்பதற்கில்லை.

இவ்விடத்துக் குடும்ப வரலாறு மிக முக்கியம். பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் மரபணு பழுதுற்ற ஆடவர்க்கு வாழ்நாளில் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு அளவில் உள்ளது; ஐஸ்லாந்தில் ஆடவர் மார்பகப் புற்றுகளில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டை ஒரே முன்னோர் வழி இறங்கிய அம்மரபணுவின் ஒரே பழுதுக்கு உரியதாகக் கண்டனர். மார்பு வளர்ந்தமை ஒருவர்க்கு இவ்வாய்ப்பைத் தருவதில்லை. தந்தையோ தாயோ தருகின்றனர். அப்பழுது தகப்பன் வழியாகவும் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி வாய்ப்பில் இறங்கும். ஆயினும் புற்றுநோய்ப் பிரிவுகளில் வரலாறு கேட்போர் தாய், சிற்றன்னை, தாய்வழிப் பாட்டி என எழுதிக்கொண்டே போய்த் தகப்பன் பக்கத்தை வெறுமையாய் விட்டுவிடுகின்றனர். மார்பகப் புற்றுற்ற ஆடவர் எவரையும் மரபணுச் சோதனைக்கு அனுப்புதல் வேண்டுமென்பது இன்றைய வைத்திய நெறி. அந்நெறியால் உடனடிப் பயன் பெறுவோர், பெரும்பாலும், அவருடைய பெண்மக்களும் சகோதரிகளுமே.