டாக்டர் மாஸ்க் போடவில்லை, நர்ஸ் தாடையில் மாட்டியிருக்கிறார்... மருத்துவமனையில் விதி என்ன? நோயாளி கேட்கலாமா?

குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்கிவிட்டால் பேரருவியிலும் ஐந்தருவியிலும் மட்டும் கூட்டம் கூடுவதில்லை. சளி, இருமல், காய்ச்சல் என்று தென்காசி அரசு மருத்துவமனையிலும் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தனியார் கிளினிக்குகளிலும் ஓ.பி. வரிசை நீளும். பல மாவட்டங்களில் இருந்தும் கேரளாவில் இருந்தும் வந்தவர்கள், உள்ளூர் கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

அந்த வரிசையின் முடிவில் இருக்கும் டாக்டரும் நர்ஸும் மாஸ்க் அணிந்திருக்க வேண்டுமா? கொரோனா காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இப்போது சிலர் அணிகிறார்கள், சிலர் அணிவதில்லை, சிலர் தாடைக்குக் கீழே இறக்கி விட்டுக்கொள்கிறார்கள். எது கட்டாயம், எது பழக்கம், எது தொழில் பொறுப்பு? பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் மாஸ்க் விதி எப்படி மாறியது?

2020 மார்ச் 7ஆம் தேதி தமிழ்நாட்டில் முதல் கொரோனா தொற்று உறுதியானது. அதே ஆண்டில் பொது இடத்தில் மாஸ்க் அணியாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்ற விதி வந்தது. பின்னர் அது 500 ரூபாய் ஆனது. குற்றால அருவிகளில் குளிக்க மாதக்கணக்கில் தடை போடப்பட்டதும் அந்தக் காலத்தில்தான்.

தொற்று குறைந்ததும் பொது இடங்களில் கெடுபிடி தளர்ந்தது. 2023இல் பாதிப்பு மறுபடி ஏறத் தொடங்கியபோது, ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் டாக்டர்கள், நர்ஸ்கள், நோயாளிகள், பார்வையாளர்கள் அனைவரும் மாஸ்க் அணிய வேண்டும் என்று சுகாதாரத்துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன் அறிவித்தார். தெருவிலும் பஸ்ஸிலும் கட்டாயம் என்று அப்போது சொல்லவில்லை. மருத்துவமனைக்கு மட்டும்தான் அந்த அறிவிப்பு.

2023 மே 5ஆம் தேதி கொரோனா இனி உலகளாவிய சுகாதார அவசரநிலை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதோடு மாஸ்க்கும் முடிந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கொரோனா போனால் மாஸ்க்கும் போய்விடுமா?

போகாது. மருத்துவமனை மாஸ்க்குக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1897இலேயே ஐரோப்பாவில் அறுவை சிகிச்சை நிபுணர் யான் மிக்குலிச், துணி மாஸ்க் கட்டிக்கொண்டு ஆபரேஷன் செய்தார். 1910-11இல் சீனாவின் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் டே காற்றுவழிப் பரவலைச் சுட்டிக்காட்டி, பஞ்சும் துணியும் வைத்த மாஸ்க்கை மருத்துவப் பணியாளர்கள் அணிய வேண்டும் என்று வற்புறுத்தினார். அதை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்ட் மெஸ்னி, மாஸ்க் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்துவிட்டுச் சில நாட்களில் அதே பிளேக்கால் இறந்தார்.

இன்றைக்கும் மருத்துவமனைகளில் 'ஸ்டாண்டர்டு பிரிகாஷன்ஸ்' என்ற அடிப்படை எச்சரிக்கை நடைமுறை உண்டு. எந்த நோயாளிக்கு என்ன தொற்று இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியாது. அதனால் எல்லோரிடமும் ஒரே அளவு கவனம் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ரத்தம், சளி தெறிக்கக்கூடிய வேலையா, இருமலோடு வந்த நோயாளியா, பணியாளருக்கே சளி பிடித்திருக்கிறதா? இந்த மூன்றில் எது இருந்தாலும் மாஸ்க் வேண்டும். அதற்கு அரசு தனியாக அறிவிப்பு வெளியிட வேண்டியதில்லை.

தென்காசிக்கு இது ஏன் முக்கியம்?

2019 நவம்பர் 22ஆம் தேதி திருநெல்வேலியில் இருந்து பிரிந்த தென்காசி ஓர் எல்லை மாவட்டம். செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகும் சாலையில் தினமும் ஆட்களும் சரக்கும் போய்வருகின்றன. கேரளாவில் நிபா என்று செய்தி வந்தால் புளியரை சோதனைச் சாவடியில் சுகாதாரத்துறை ஆட்கள் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நடந்தது ஒரு பாடம். அந்தப் பரவலில் 17 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்குத் தொற்று ஏற்பட்ட இடம் மருத்துவமனை. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் ஆரம்ப நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி, மே 21ஆம் தேதி உயிரிழந்தார். அவர் பணியில் இருந்தபோது அது நிபா என்று யாருக்கும் தெரியாது. 2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் மறுபடி நிபா வந்தபோதும் பாதிக்கப்பட்ட ஆறு பேரில் ஒருவர் மருத்துவப் பணியாளர்.

நோயின் பெயர் ஓ.பி. சீட்டில் எழுதி வருவதில்லை. முதல் நாளில் எல்லாமே 'காய்ச்சல், இருமல்'தான். பெயர் தெரிந்த பிறகு மாஸ்க் தேடுவது காலம் கடந்த வேலை.

நிபா எப்போதாவது வருவது. காசநோய் தினமும் வருவது. உலகத்தின் மொத்த காசநோயாளிகளில் கால் பங்குக்கு மேல் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போது வெளியேறும் நுண்துகள்கள் காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். பொதுமக்களைவிட மருத்துவமனை ஊழியர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தொற்று வந்த ஊழியரிடம் இருந்து அடுத்த நோயாளிக்கும் போகலாம்.

எந்த மாஸ்க், யாருக்கு?

மாஸ்க் எல்லாம் ஒன்றல்ல.

• துணி மாஸ்க்: மருத்துவமனை வேலைக்குப் போதாது. வியட்நாமின் ஹனோய் நகரில் 14 மருத்துவமனைகளில் 1,607 பணியாளர்களிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், சர்ஜிக்கல் மாஸ்க் அணிந்தவர்களைவிடத் துணி மாஸ்க் அணிந்தவர்களுக்கே தொற்று அதிகம் இருந்தது.

• சர்ஜிக்கல் மாஸ்க் (மூன்றடுக்கு): அணிந்தவரின் வாய், மூக்கில் இருந்து தெறிப்பதைத் தடுக்கும். எதிரே இருந்து தெறிப்பதையும் ஓரளவு தடுக்கும். ஓரங்களில் இடைவெளி இருப்பதால் மிதக்கும் நுண்துகள்களுக்கு முழுத் தடை அல்ல. இருமும் நோயாளிக்குக் கொடுக்க வேண்டியது இதுதான்.

• என்95: 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை வடிகட்டும். காசநோய் வார்டு, சளி உறிஞ்சி எடுப்பது, டியூப் போடுவது போன்ற வேலைகளுக்கு இது தேவை. முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் பலன். அடர்ந்த தாடி இருந்தால் காற்று ஓரமாகக் கசியும்.

• வால்வு வைத்த என்95: அணிந்தவருக்குப் பாதுகாப்பு தரும். ஆனால் அவர் விடும் மூச்சு வடிகட்டாமல் வெளியே வரும். இதை எச்சரித்து 2020 ஜூலையில் மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது.

என்95 எப்போதுமே மேலா? அப்படியும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2,862 பணியாளர்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், புறநோயாளி பிரிவில் இன்ஃப்ளூயன்ஸா தடுப்பில் என்95க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எந்த வேலைக்கு எது என்று பார்த்து அணிவதே சரி.

தாடையில் மாட்டினால் என்ன?

அணியாததற்குச் சமம். சில நேரம் அதைவிட மோசம். மாஸ்க்கின் வெளிப்புறத்தில் படிந்த கிருமி கழுத்துக்கும் கைக்கும் போகிறது. பேசும்போது இறக்கி, பேசி முடித்ததும் ஏற்றுவது இன்னொரு தவறு. சும்மா இருப்பதைவிடப் பேசும்போதுதான் கிருமி அதிகம் தெறிக்கும். ஒவ்வொரு முறை தொடும்போதும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

சாரல் காலத்தில் காற்றிலேயே ஈரம் இருக்கும். நனைந்த மாஸ்க்கை மாற்றிவிட வேண்டும். சர்ஜிக்கல் மாஸ்க்கைத் துவைத்துக் காயப்போட்டு மறுநாள் போடக் கூடாது. என்95இல் இருக்கும் மின்னேற்றம்தான் துகள்களை இழுத்துப் பிடிக்கிறது. சோப்பு நீரிலோ சானிடைசரிலோ நனைத்தால் அந்தத் திறன் போய்விடும்.

பயன்படுத்திய மாஸ்க் மருத்துவமனையில் மஞ்சள் பைக்குள் போக வேண்டும். ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவதற்கோ கோட் பாக்கெட்டில் செருகுவதற்கோ அல்ல.

மாஸ்க் அணிவது தொழில் பொறுப்பா, தனிப்பட்ட விருப்பமா?

நோயாளியைத் தொடும் வேலையில் இருப்பவருக்கு அது விருப்பம் மட்டும் அல்ல. டாக்டர்களுக்கான 2002 தொழில் நெறி விதிமுறைகள், தொற்று வந்துவிடுமோ என்ற பயத்தில் கொள்ளைநோய்க் காலத்தில் கடமையை விட்டுப் போகக் கூடாது என்கின்றன. ஓடக் கூடாது என்றால் நின்று வேலை பார்ப்பதற்குப் பாதுகாப்பு வேண்டும் அல்லவா? இரண்டாம் அலையில் மட்டும் நாடு முழுவதும் 800 டாக்டர்கள் அளவுக்கு இறந்ததாக இந்திய மருத்துவ சங்கம் சொன்னது.

அதனால் பொறுப்பு ஊழியரோடு நின்றுவிடுவதில்லை. 2016 உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிவைக் கையாளும் அனைவருக்கும் பாதுகாப்புக் கவசம் கொடுப்பது, ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனை செய்வது, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுவது ஆகியவை மருத்துவமனை நிர்வாகத்தின் கடமை. வார்டைக் கூட்டும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரும் இதில் அடக்கம். டாக்டருக்கு என்95, அவர் கழற்றிப் போட்டதை அள்ளுகிறவருக்கு ஒன்றுமில்லை என்ற நிலை விதிமீறல்.

வாரக்கணக்கில் ஒரே மாஸ்க்கைப் போடச் சொல்லிவிட்டு, "ஒழுங்கா போடலை" என்று நர்ஸை மட்டும் குறை சொல்வதில் நியாயம் இல்லை. சளி, காய்ச்சல் உள்ள பணியாளருக்கு லீவு கொடுக்காமல் வார்டுக்கு அனுப்புவதும் அதே ரகம். அதேபோல், மூத்த டாக்டரே மாஸ்க் இல்லாமல் ரவுண்ட்ஸ் வந்தால் பயிற்சி மருத்துவரும் மாணவியும் அதைத்தான் கற்றுக்கொள்வார்கள்.

மாஸ்க்கால் நோயாளிக்குச் சிரமமே இல்லையா?

இருக்கிறது. ஹாங்காங்கில் 1,030 நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், டாக்டர் மாஸ்க் அணிந்திருந்தபோது அவருடைய பரிவு தங்களுக்குக் குறைவாகத் தெரிந்ததாக நோயாளிகள் மதிப்பிட்டார்கள். காது மந்தமானவர்கள் உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். மாஸ்க் அதை மறைத்துவிடுகிறது. "டாக்டர் என்ன சொன்னாருன்னே வெளங்கல" என்று வெளியே வந்து மருந்துச் சீட்டைக் காட்டிக் கேட்கும் பெரியவர்கள் இதனால் கூடுகிறார்கள். மாத்திரை நேரம் மாறிப்போனால் ஆபத்தும்கூட.

தீர்வுகள் எளிமையானவை. முதலில் பெயரையும் பொறுப்பையும் சொல்வது. கண்ணைப் பார்த்து நிதானமாகப் பேசுவது. மருந்து வேளையைத் தாளில் எழுதிக் கொடுப்பது. சொன்னதை நோயாளியையே ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்வது. காது கேட்காதவரிடம், ஆபத்து இல்லாத சூழலில், தள்ளி நின்று சில விநாடிகள் மாஸ்க்கை இறக்கிப் பேசுவதையும் தவறு என்று சொல்ல முடியாது.

எதிரில் யாரும் இல்லாத அலுவலக அறையில், திறந்த வெளியில் தனியாக நிற்கும்போதெல்லாம் மாஸ்க் அவசியமில்லை. தேவையான இடத்தில் தவறாமல் அணிவதுதான் முக்கியம்.

நோயாளி கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் உள்ள 17 உரிமைகளில் பாதுகாப்பான, தரமான சிகிச்சை பெறும் உரிமையும், குறை சொல்லித் தீர்வு கேட்கும் உரிமையும் உண்டு.

கேட்கிற விதம்தான் முக்கியம். "சிஸ்டர், அம்மாவுக்கு சுகர் இருக்கு, கொஞ்சம் மாஸ்க் போட்டுக்கிடுதீங்களா?" என்று காரணத்தோடு கேட்டால் பெரும்பாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். கேட்பவரும் மாஸ்க் அணிந்திருந்தால் இன்னும் நல்லது. செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு சண்டை போடுவதால் வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்குத்தான் தாமதம்.

கேட்டும் பலன் இல்லை என்றால் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அல்லது நிலைய மருத்துவ அலுவலரிடம் சொல்லலாம். தமிழ்நாடு சுகாதாரத்துறையின் 104 எண்ணிலும், முதல்வரின் உதவி மையமான 1100 எண்ணிலும் புகார் பதிவு செய்யலாம்.

மருத்துவமனைக்குப் போகும்முன் கவனிக்க வேண்டியவை

• இருமல், சளி இருந்தால் வீட்டிலிருந்தே சர்ஜிக்கல் மாஸ்க் அணிந்து செல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

• மூக்கு, வாய், தாடை மூன்றும் மூடியிருக்க வேண்டும். மூக்குப் பகுதியில் உள்ள கம்பியை அழுத்திவிடுங்கள்.

• இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கும் மாஸ்க் போடக் கூடாது.

• காற்றோட்டம் உள்ள இடத்தில் காத்திருங்கள். முடிந்தவரை ஒரு நோயாளிக்கு ஒருவர் மட்டும் துணைக்கு வாருங்கள்.

• கேரளாவில் நிபா பாதிப்பு உள்ள பகுதிக்குச் சமீபத்தில் போய்வந்து காய்ச்சல் இருந்தால், ஓ.பி.யில் முதலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். உங்களைப் பார்க்கும் நர்ஸும் டாக்டரும் சரியான மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்க அந்தத் தகவல் உதவும்.